நெரிசல் இல்லாத தெரு

மெய்யநாதன் காரைக்குடிக்குச் செய்த நன்மையெல்லாம் அவர் வீட்டு முகப்பில் நின்று பார்த்தால்தான் தெரியும். அவர் மகள் சௌபர்ணிகா பின்வாசலிலும் நின்று பார்த்திருந்தாள். அதனால்தான் அப்பச்சி என்று அவள் கூப்பிடும் அப்பாவின் மேல் இருந்த மரியாதை அவளுக்குச் சுத்தமாகப் போய்விட்டது.

சென்னையில் வேலை பார்த்து ஓய்வுபெற்று வந்த மனுஷர், வந்த வேகத்தில் நகரின் நெரிசல் குறைப்புக் குழுவுக்குத் தலைவரானார். நெரிசலை எங்கே குறைப்பது? வேறெங்கே, தன் தெருவில்தான். தெருவின் இரு முனையிலும் தரையிலிருந்து இரும்புத் தூண்கள் எழும்பும். கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கும். பேட்டரி வண்டி என்றால் தூண்கள் பவ்யமாக உள்ளே இறங்கும். பெட்ரோல், டீசல் என்றால் அசையாது. விடிந்ததிலிருந்து இருட்டும் வரை இதுதான் சட்டம்.

அந்தத் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஆளில்லாத தெருவில் ஆளில்லாத பேட்டரி பஸ் சத்தமில்லாமல் போய் வந்தது. முன்பு அவ்வழியே போன டவுன் பஸ், லாரி, ஷேர் ஆட்டோ எல்லாம் அடுத்த தெருவில் போய் அடைத்துக்கொண்டன. அடுத்த தெரு என்றால் வேறெதுவும் இல்லை, இதே வீடுகளின் பின்வாசல் திறக்கிற தெருதான். ஒரு வீடே இரண்டு தெருவுக்கும் நீள்கிற ஊரில், முன்னால் கூட்டிய குப்பையைப் பின்னால் கொட்டிவிட்டு, சுத்தம் செய்ததாக மாலை வாங்கிக்கொண்டார் மெய்யநாதன்.

பின்தெருவில் டீக்கடை வைத்திருந்த பாண்டீஸ்வரி ஒருநாள் வந்து நின்றாள். "பிள்ளைகளப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப முடியலய்யா. கொஞ்சம் வண்டிகள இங்குட்டும் விடச் சொல்லுங்க."

"திட்டம்னா நாலு பேரு பொறுத்துத்தான் போகணும்" என்றார் மெய்யநாதன். அவர் எதைப் பொறுத்துப் போனார் என்று சௌபர்ணிகா யோசித்துப் பார்த்தாள். காபியில் சர்க்கரை கூடிப்போனதைக்கூட அவர் பொறுத்ததில்லை.

அவள் கல்யாணம் அந்த வீட்டிலேயே நடந்தது. நகரத்தார் கல்யாணத்தில் இரு வீட்டாரின் குலக்கோயில் மாலையும் வந்தால்தான் தாலி ஏறும். மாப்பிள்ளை ஆதித்தன் வீட்டுக் கோயில் மாலை விடியுமுன்பே வந்துவிட்டது. பெண் வீட்டுக் கோயில் மாலையைக் கொண்டுவந்த கார், பாவம், பெட்ரோல் கார். தெருவின் மேற்கு முனையில் தூண்கள் மறித்துவிட்டன. முகூர்த்தம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"எம் மக கல்யாணமா இருந்தாலும் சட்டம் சட்டந்தான்" என்று போனில் கத்தினார் மெய்யநாதன். பேட்டி எடுக்க வந்திருந்த பத்திரிகைக்காரர்களுக்குக் கேட்க வேண்டுமே! "கோயில் மாலைய மேளமில்லாம நடந்து கொண்டாரப்படாது. பின்தெருவாச் சுத்திக் கிழக்கு முனைக்கு வாங்க. மேளத்தோட பேட்டரி வண்டி அங்குட்டு நிக்கிது."

கார் பின்தெருவுக்குள் நுழைந்தது, நின்றது. நின்றது நின்றதுதான். மாலை கொண்டுவந்த பண்டாரம் முத்தழகு மறுபடி போன் செய்தார். கார் நம் வீட்டுப் பின்வாசலுக்கு நேராகத்தான் நிற்கிறது, இறங்கி வந்து தந்துவிடவா என்று கேட்டார்.

"கோயில் மாலை பின்வாசலேறி வர்றதா? குலத்துக்கே அசிங்கம். எறங்காம இருங்க!"

மாடி ஜன்னலில் நின்ற சௌபர்ணிகாவுக்கு எல்லாம் கேட்டது. போனால் போகிறது, கொள்கைக்காக மகளின் முகூர்த்தத்தையே விடுகிற மனுஷர் என்று அவள் ஒரு நிமிஷம் அவரை மதிக்கக்கூடத் தயாரானாள். அப்போது தெருமுனையில் ஹாரன் கேட்டது. திட்டத்துக்குப் பணம் ஒதுக்கிய பெரிய அதிகாரி, பின்னால் பரிவாரத்தோடு டீசல் வண்டியில் வந்திருந்தார். மெய்யநாதன் பரபரவென்று செல்போனை எடுத்து, தலைவருக்கென்று அதில் இருந்த பொத்தானைத் தட்டினார். தூண்கள் சரசரவென்று இறங்கின. வண்டிகள் வரிசையாக உள்ளே வந்தன. அவர் கும்பிட்ட கும்பிடைப் பார்த்ததும் அவள் ஜன்னலை விட்டு நகர்ந்தாள்.

கூறைப்புடவையோடு இறங்கினாள். வளவு முற்றத்தைத் தாண்டி, சமையற்கட்டைத் தாண்டிப் போய்ப் பின்வாசல் தாழ்ப்பாளை இழுத்தாள். வெளியே புகையும் ஹாரனுமாக இருந்தது. பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே காருக்குள் முத்தழகு தாம்பாளத்தை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"குடுங்க."

"அப்பச்சி வைவாகளே, தாயி."

"என்னைய வையட்டும். குடுங்க."

தாம்பாளத்தோடு அவள் திரும்பியபோது பின்வாசலில் மெய்யநாதன் மூச்சிரைக்க நின்றார். அவருக்குப் பின்னால் ஆதித்தன் நின்றான்.

"ஏறாத! முகப்புக்குச் சுத்தி வா. ஊரு என்ன சொல்லும்?"

பஸ் ஜன்னல்கள் நிறையத் தலைகள் எட்டிப் பார்த்தன. லாரிக்காரர் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டார். பாண்டீஸ்வரி டீக்கடை வாசலுக்கே வந்து நின்றாள். சௌபர்ணிகா அவர்களையெல்லாம் ஒருமுறை பார்த்தாள்.

"ஊரு பூரா இங்குட்டுத்தான் நிக்கிது அப்பச்சி. நீங்களே கேட்டுக்கிருங்க" என்று சொல்லிவிட்டு, மாலையோடு பின்வாசல் படியேறினாள்.