கனிஷாயின் காது

"யாருடா விதை கொறிக்கிறது?"

ஒத்திகை நடுவில் இயக்குநர் சாபிர் போட்ட சத்தத்தில் மேடையே உறைந்துவிட்டது. பனிப்புயலில் மகனைப் பறிகொடுத்த தாய் பேச்சற்று நிற்கிற காட்சி அது. பின்னணியில் காற்று மட்டும் மெல்ல ஒலிக்க வேண்டும். அந்தக் காற்றுக்குள், சூரியகாந்தி விதையைப் பல்லால் உடைப்பதுபோல 'டக், டக்' என்று கேட்டது.

எல்லோர் வாயும் காலியாகத்தான் இருந்தது.

"அண்ணே, கொறிக்கிறது நம்ம ஸ்பீக்கர்," என்றேன். நாரின் நகர நாடக அரங்கில் விளக்குகள் என் பொறுப்பு. ஒலி கனிஷாயின் பொறுப்பு. இருவருக்கும் ஒரே மேசை.

அரங்கேற்றத்துக்கு இரண்டே நாள். பதறிப்போன சாபிர் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து மேதர் என்ற நிபுணனை வரவழைத்தார். வந்தவன் ஸ்பீக்கரில் காதை வைத்தான், உதட்டைப் பிதுக்கினான்.

"இதையெல்லாம் எங்க ஊர்ல எப்பவோ குப்பையில போட்டாச்சு. ஸ்பீக்கர் போச்சு. புதுசு வாங்குங்க."

"கேட்ட உடனே தீர்ப்பா, தம்பி?" என்றாள் கனிஷாய்.

"அக்கா, நான் இதுக்குன்னே படிச்சவன். நீங்க என்ன படிச்சீங்க?"

"பன்னெண்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல இருந்தேன். கரகரப்பைக் கேட்டே எந்தக் கம்பத்துல கோளாறுன்னு சொல்லுவேன். ஒரு மணி நேரம் குடு. அதுவரைக்கும் டீ குடி."

சாபிர் தயங்கித் தலையாட்டினார்.

முதலில் அந்தக் காற்றொலியை என் செல்போனில் ஏற்றி ஓடவிட்டாள். சுத்தமாக இருந்தது. "ஃபைல்ல குத்தமில்ல." அடுத்து, கணினியிலிருந்து ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிட்டு ஹெட்போனைச் செருகி, மேதரின் தலையில் மாட்டினாள்.

"டக் டக் கேக்குதா?"

"நல்லாவே கேக்குது."

"ஸ்பீக்கரைத்தான் கழட்டிட்டேனே, தம்பி. அப்புறம் எப்படிக் கேக்குது?"

மேதரின் முகம் சிவந்தது. நான் விளக்குப் பலகைக்குப் பின்னால் குனிந்து சிரித்தேன்.

"அப்போ கம்ப்யூட்டரோட சவுண்ட் கார்டு போச்சு," என்றான், கொஞ்சம் இறங்கிய குரலில்.

கனிஷாய் ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கர் வயரை மறுபடி செருகினாள். பாட்டுப் போடும் மென்பொருளில், ஒலியை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளும் அளவைக் கூட்டினாள். சத்தம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை.

"பாத்தியா? கார்டு செத்திருந்தா இதுக்குக் குறையாது. கம்ப்யூட்டர் நடுநடுவுல வேற வேலைக்கு ஓடுது. ஓடுற நேரம் பாட்டைக் கைவிட்டுடுது. எங்க ஓடுதுன்னு பிடிக்கணும்."

திறந்திருந்தவற்றை ஒவ்வொன்றாக மூடினாள். ஒன்றை மூடுவாள், கண்ணை மூடிக் கேட்பாள், தாளில் குறிப்பாள். ஒரே நேரத்தில் இரண்டைத் தொடவே இல்லை. வைரஸ் தடுப்பை நிறுத்தினாள், டக். தேதி காட்டும் சின்ன நிரலை மூடினாள், டக். கடைசியில் வைஃபையை அணைத்தாள்.

காற்று. வெறும் காற்று.

மறுபடி போட்டாள், டக். அணைத்தாள், அமைதி. மூன்று முறை செய்து காட்டினாள். "சிக்னல் இல்லாத இந்தக் கட்டடத்துல இது நெட்டைத் தேடித் தேடி அலையுது. நாடகம் முடியற வரைக்கும் வைஃபை வேண்டாம். அவ்வளவுதான்."

மேதர் கழுத்தில் தொங்கிய ஹெட்போனைக் கழற்றினான். "அக்கா, அந்தத் தாளைக் கொஞ்சம் தர்றீங்களா? போட்டோ எடுத்துக்கறேன்."

"எடுத்துக்கோ. மேல என் பேரை எழுதிக்கோ."

அரங்கேற்றத்தன்று அந்தத் தாய் மேடையில் நின்றபோது, முந்நூறு பேர் இருந்த அரங்கில் காற்று மட்டும்தான் பேசியது. முன்வரிசையில் ஒரு முரட்டு லாரி ஓட்டுநர் தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நடிகர்கள் வணங்கி முடித்ததும் சாபிர் கனிஷாயை மேடைக்கு இழுத்து வந்தார். "இந்த அமைதியைக் கொடுத்தது இவங்கதான்!" வேறு யாராவது என்றால், நான் என்ன பெரிசா செஞ்சுட்டேன் என்று நெளிந்திருப்பார்கள். கனிஷாய் நிமிர்ந்து நின்றாள்.

"ஆமா, நான்தான்," என்றாள்.

விளக்கு என் கையில் இருந்தது. மேடையில் இருந்த அத்தனை ஒளியையும் அவள்மேல் திருப்பினேன்.