அனுமதிக்குக் காத்திருந்தவர்கள்

தம்பியின் காலடியில் மலர்வளையத்தை வைத்த கையோடு தலைமை நூலகர் அக்காவிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். "பாஸ்வேர்டு எங்கயாவது எழுதி வெச்சிருக்காராம்மா?"

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடல் கூடத்தில் கிடக்கிறது, வண்டிகூட இன்னும் வரவில்லை. இந்த மனுஷனுக்கு அதற்குள் என்ன அவசரம்?

நூலக அலமாரியில் தூசி படிந்து கிடந்த நாலாயிரம் பழைய புகைப்படங்களை ஒண்டியாளாக ஸ்கேன் செய்தவன் தம்பி. யாரும் இலவசமாக எடுத்துத் தங்களுக்கேற்ப மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு மென்பொருளைக் கொண்டு இணையதளம் அமைத்து அவற்றை ஏற்றினான். படத்துக்குக் கீழே பார்ப்பவர்கள் எழுதலாம். அவன் படித்து அனுமதித்தால் எல்லாருக்கும் தெரியும். 'பெயர் தெரியாத தொழிலாளர்கள்' என்று கிடந்தவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பெயர் சொன்னார்கள். நூலகக் குறிப்புகளில் இருந்த தப்புகளையும் புட்டுப்புட்டு வைத்தார்கள். குறிப்புகளை எழுதியவர் தலைமை நூலகர். அன்றிலிருந்து அவர் வாயில் அந்தத் தளத்துக்குச் 'சந்தைக்கடை' என்றுதான் பெயர்.

"நாளைக்கு மேலிடத்துலேர்ந்து பாக்க வர்றாங்க. கமென்ட்டையெல்லாம் தூக்கிட்டா சுத்தமா இருக்கும்."

"அவன் இருந்தப்ப கேட்டீங்களா?"

"கேட்டேன். முடியாதுன்னுட்டாரு."

"அதான் செத்ததும் வந்துட்டீங்க. பாஸ்வேர்டு அவனோட போயிடுச்சு சார்."

விறுவிறுவென்று அறைக்குள் போனாள். மடிக்கணினி அவளுடைய துணிகளுக்கு அடியில் இருந்தது. ஒளித்து வைத்ததும் அவள்தான். "எடுத்துட்டு வாக்கா, பாவம் காத்துக்கிட்டிருக்காங்க" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கெஞ்சினான். "காத்திருந்தா செத்துட மாட்டாங்க, படுடா" என்று கத்தினாள்.

திறந்தாள். தளத்திலிருந்து வெளியேறாமலேயே மூடி வைத்திருக்கிறான். அனுமதிக்குக் காத்திருப்பவை பதினேழு.

முதலாவது முந்தாநாள் வந்தது. 'இரண்டாவது வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பவர் என் அம்மா. எங்களிடம் அவர் படம் ஒன்றுகூட இல்லை. பெயரைச் சேர்ப்பீர்களா?'

நூலகர் மேல் ஆத்திரம், கூடத்தில் படுத்திருக்கும் பிடிவாதக்காரன் மேல் ஆத்திரம். எல்லாவற்றையும்விடத் தன் வாய் மேல். அனுமதியை அழுத்தினாள்.

"என்னம்மா பண்றீங்க?" நூலகர் கதவருகே நின்றார். அவள் திரும்பவில்லை. அடுத்தது. அதற்கடுத்தது.

"வண்டி வந்துடுச்சு, எழுந்து வாம்மா" என்று வாசலிலிருந்து மாமா கூப்பிட்டார்.

"நிக்கச் சொல்லுங்க மாமா. இன்னும் பதினாலு பேரு இருக்காங்க."

அடுத்ததைப் படிக்க ஆரம்பித்தாள்.