நூலளவு வெள்ளை

"இவ தள்ளிவிட்டதுலதான் ஒடைஞ்சது," என்றார் கணவர், அவள் பக்கத்திலேயே நிற்கும்போது. மரவேலைக்காரர் துப்பாக்கியை வாங்கி மேசை விளக்கடியில் கிடத்தினார்.

பத்தொன்பது நாளாக அவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பெருக்கும்போது துடைப்பம் பட்டு, மூலையில் நின்றிருந்த துப்பாக்கி சரிந்துவிட்டது. அவ்வளவுதான் குற்றம். குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால்கூடச் சுவரைப் பார்த்துத்தான் கேட்பார். இத்தனை மரியாதை எந்த வீட்டுச் சுவருக்கும் கிடைத்திருக்காது.

"துப்பாக்கியோட அசல் கட்டை. எங்கப்பா காலத்துக்கும் முன்னாடி உள்ளது. புதுசு மாத்தினா, பழைய துப்பாக்கி சேகரிக்கறவன் எவனும் திரும்பிக்கூடப் பாக்கமாட்டான்."

"மாத்த வேணாம் சார். உள்ள என்னன்னு மொதல்ல பாப்போம்."

கைபிடிக்கும் ஒடுங்கலான இடத்தில் விரிசல். மெல்லிய கத்தியை நுழைத்து மயிரிழை மயிரிழையாக விலக்கினார் மரவேலைக்காரர். அவள் கத்தி முனையையே பார்த்தாள். இது இரண்டாகப் போனால் சாகும்வரை சுவரோடுதான் பேச்சு. விரிசல் வாய் திறந்தது. உள்ளே கன்னங்கரேலென்று இருந்தது.

"எண்ணெய் யாரு போடறது?"

"நான்தான்." கணவரின் நெஞ்சு நிமிர்ந்தது. "முப்பது வருஷமா, வாராவாரம். ஒரு வாரம் தவறினதில்ல. குழலுக்குள்ள நல்லா விட்டுருவேன்."

"நிக்க வெக்கறது? குழல் மேல பாத்தா?"

"வேற எப்படி வெப்பாங்க?"

"போச்சு போங்க! விட்ட எண்ணெயெல்லாம் கீழ எறங்கி, கட்டை குடிச்சிருக்கு. ஊறின அட்டை மாதிரி ஆயிடுச்சு." விரலால் காட்டினார். "கறுப்பா இருக்கறதெல்லாம் பழைய விரிசல் சார். ஓரத்துல நூலளவு வெள்ளையா தெரியுதில்ல, அதுதான் அன்னைக்கு ஒடைஞ்சது. அம்மா மேல தப்பில்ல. எண்ணெய உறிஞ்சி எடுத்தாத்தான் பசை பிடிக்கும். மூணு வாரம் குடுங்க."

கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. பத்தொன்பது நாளா என்று ஆத்திரம்தான் பொங்கியது.

துப்பாக்கி திரும்பி வந்தபோது விரிசல் இருந்த இடத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல எண்ணெய் விட்டார். மூலைக்குக் கொண்டுபோய், குழல் மேலே பார்க்க நிறுத்தப் போனார். பிறகு அதைத் தலைகீழாக, குழல் தரையைப் பார்க்கத் திருப்பினார்.

"பழைய துணி இருந்தா ஒண்ணு குடேன்."

சுவரிடம் அல்ல, அவளிடம். அவள் ஒரு துணியை நாலாக மடித்துக் கொடுத்தாள். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அந்த மனிதருக்குக் கிடையாது. அவளும் அதற்காகக் காத்திருக்கவில்லை.

மறுநாள் காலை துப்பாக்கியை லேசாகத் தூக்கி, குழலுக்கு அடியில் இருந்த துணியை உருவினாள். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. ஒரே ஒரு வாரத்துக்கு இவ்வளவு. அதை அவருடைய காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள். பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து, அந்த மூலையிலிருந்தே பெருக்க ஆரம்பித்தாள்.