உருளைக்கிழங்குக்கு நன்றி

அந்த ஞாயிற்றுக்கிழமை லண்டன் ஹவுன்ஸ்லோ வீட்டின் முன்னறையில் இருந்தவர்கள் நால்வர். சாப்பாட்டு மேசையின் தலைப்பக்கத்தில், ஜன்னலுக்கு முதுகு காட்டி, குலசேகரம். இருவர் இருக்கக்கூடிய சோபாவில் ஒருவராய், பயற்றங்காய் முறித்தபடி, அவர் மனைவி கமலாம்பிகை. மற்ற ஆளுக்கான பாதியில் பேப்பரை விரித்துப் பயற்றங்காயைக் குவித்திருந்தாள். மாடிப்படியின் கீழ்ப்படியில், நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டு, பதினைந்து வயது மகள் சிவகௌரி. கதவு திறந்து கிடந்ததால் அவளும் அறையில் இருந்ததாகத்தான் கணக்கு. ஒற்றைச் சோபாவில், அதாவது குலசேகரம் வழக்கமாக இருக்கும் இடத்தில், பக்கத்துத் தெரு யேசுரட்ணம்.

யேசுரட்ணத்துக்கு அந்த இடம் சும்மா கிடைக்கவில்லை. ஒஸ்லோவில் ஒரு கலியாணத்துக்குப் போய் முதல்நாள்தான் திரும்பியிருந்தார். செய்தி கொண்டு வருகிறவருக்கு அந்த வீட்டில் நல்ல கதிரை.

"குலம் அண்ணை, உங்கடை கூட்டாளியைக் கலியாண வீட்டிலை கண்டனான்."

"ஆர், கணேசுவையோ? எப்பிடி இருக்கிறான் விசரன்?"

"ஆள் நல்லா இருக்கிறார். புருசன் பெண்சாதி ரெண்டு பேருக்கும் கொஞ்சம் மனவருத்தம், அவ்வளவுதான்."

"ஆரிலை?"

"உங்களிலைதான்." யேசுரட்ணம் பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்து, அது ஊறும்வரை பொறுத்து, வாயில் போட்டார். "லண்டன் ஆக்கள் வந்து நிண்டிட்டுப் போய் ஒரு மாசமாகுது, ஒரு நன்றி இல்லை, தபாலிலை ஒரு காட் இல்லை, போனிலை ஒரு வார்த்தை இல்லை, நாங்கள் ஏதும் பிழை விட்டிட்டமோ எண்டு அவரின்ரை மனிசி சந்திரவதனா கேட்டவ. அங்கை அது பெரிய விஷயமாம் அண்ணை. ஒருத்தர் வீட்டிலை நிண்டிட்டு வந்தால், பிறகு மறக்காமல் சொல்ல வேணுமாம், போன முறைக்கு நன்றி எண்டு."

"அப்ப கணேசு? அவன் என்ன சொன்னவன்?"

"பக்கத்திலைதான் நிண்டவர். ஓம் ஓம் எண்டு தலையாட்டினவர்."

கமலாம்பிகையின் கையில் ஒரு பயற்றங்காய் படக்கென்று முறிந்தது. "நல்லா வேணும். 'என்ரை கணேசு, என்ரை கணேசு' எண்டு தலையிலை வைச்சு ஆடினியள்."

நன்றி. குலசேகரம், கணேசுவுக்கு!

எண்பத்திநாலில் லண்டன் பிளேஸ்டோவில் ஒரு மேல்வீட்டு அறையில் அவர்கள் இருவருக்கும் ஒரே மெத்தை, ஒரே ஓவர்கோட். ஒருவருக்குப் பகல் வேலை, மற்றவருக்கு இரவு வேலை. ஒருவர் வாசலில் கழற்ற, மற்றவர் அந்தச் சூடு ஆறுமுன் மாட்டிக்கொண்டு இறங்குவார். கோட் யாருடையது என்ற கேள்வியே இரண்டு குளிர்காலமும் எழவில்லை. உண்மையில் அது குலசேகரத்தின் கோட். அதற்குக் கணேசலிங்கம் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. சொல்லியிருந்தால் குலசேகரம் அவனை அறையால் வெளியே பிடித்துத் தள்ளியிருப்பார். அந்நியன்தான் நன்றி சொல்லுவான். பிறகு கணேசலிங்கம் நோர்வேக்குப் போய், ஒரு நாட்டுப்புறத்து ஏரிக்கரையில் வீடு வாங்கி, மரம் அரியும் ஆலையில் போர்மன் ஆனான். குலசேகரம் ஹீத்ரோவில் பொதி ஏற்றும் பகுதியில் சூப்பவைசர் ஆனார். பத்து வருடத்துக்கு மேலாக மாதமொரு கடிதம். எல்லாக் கடிதமும் "அடேய் கணேசு" என்றே தொடங்கும்.

"அவன்ரை வீட்டிலை நான் தண்ணிகூடக் கேட்டுக் குடிக்கத் தேவையில்லை. நேரை குசினிக்குள்ளை போய்ச் சட்டியைத் திறப்பன்" என்று மனைவியிடம் எத்தனை முறை மார்தட்டியிருப்பார்! அவள் பக்கத்துச் சொந்தங்களை மட்டம்தட்ட அவரிடம் இருந்த ஒரே ஆயுதம் கணேசுதான்.

போன மாத நோர்வேப் பயணத்துக்கு முன்பே கோளாறு தொடங்கிவிட்டது. "வரேக்கை உங்கடை பெட்ஷீற்றும் தலையணை உறையும் கொண்டு வாங்கோ" என்று கணேசுவின் கடிதத்தின் அடியில் ஒரு வரி. கமலாம்பிகை அதை இரண்டு தரம் சத்தமாக வாசித்தாள்.

"விருந்துக்குக் கூப்பிட்டுப்போட்டுப் படுக்கை கொண்டு வா எண்டு எழுதிறாங்கள். சட்டி பானையும் கொண்டு போவமோ?"

"பகிடிக்கு எழுதியிருக்கிறான்" என்றார் குலசேகரம்.

பகிடியல்ல. மூவரும் போய்ச் சேர்ந்தபோது கட்டில்கள் வெறும் மெத்தையோடு காத்திருந்தன. அந்த நாட்டு வழக்கமாம். கமலாம்பிகை தன் பெட்டிக்குள்ளிருந்து, இந்தியன் கடையில் வாங்கிய ரோசாப்பூ விரிப்பை எடுத்து விரித்தாள். பகிடி என்று நம்பி வந்தவருடைய பக்கத்தை விரிக்காமல் விட்டாள்.

ஏரி இருந்தது, மரம் இருந்தது. ஏரிக்கு அந்தப் பக்கமும் மரம்தான் இருந்தது. பார்க்க வேண்டியதையெல்லாம் பஸ்ஸில் வரும்போதே பார்த்து முடித்திருந்தார்கள். பொழுதுபோக்கு என்று மலையில் ஏற்றினான் கணேசலிங்கம். உச்சியில் நின்று, சவர்க்காரக் கட்டி போன்ற மண்ணிறச் சீஸை வைத்த பாணைக் கடித்துவிட்டுத் திரும்ப இறங்கினார்கள். "காத்தைப் பார் மச்சான், காத்தை" என்று நெஞ்சை விரித்தான். காற்று எல்லா ஊரிலும் இருக்கிறதே என்று குலசேகரத்தின் வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டார்.

சந்திரவதனா பட்டப்பகலில் சாப்பாட்டு மேசையில் மெழுகுதிரி கொளுத்தி வைப்பாள். கரண்ட் இல்லாத ஊரிலிருந்து தப்பி வந்தவள், கரண்ட் உள்ள ஊரில் காசு கொடுத்து மெழுகுதிரி வாங்கி எரித்தாள். பின்னேரம் நாலரைக்கே இராச்சாப்பாடு. ஆளுக்கு இரண்டு அவித்த உருளைக்கிழங்கு, ஒரு துண்டு மீன். மீனுக்கு மேலே ஏதோ ஒரு புல். சோறும் கறியும் சனிக்கிழமை மட்டும்.

முதல்நாள் சாப்பாடு முடிந்ததும் அவர்களுடைய சின்ன மகள் எழுந்து தாயைப் பார்த்து ஏதோ சொன்னாள். அதில் கடைசிச் சொல் "மாட்டன்" என்று கமலாம்பிகையின் காதில் விழுந்தது. "பிள்ளை, சாப்பிட மாட்டன் எண்டு சொல்லக்கூடாது" என்று இன்னொரு கிழங்கை அதன் சாப்பாட்டுத் தட்டில் வைத்தாள். பிள்ளை பேந்தப் பேந்த முழித்தது.

"அது மாட்டன் இல்லை அக்கா, மாத்தன்" என்று சந்திரவதனா சிரித்தாள். "சாப்பாட்டுக்கு நன்றி எண்டு நோர்வே பாஷையிலை சொல்லுறா. இஞ்சை எல்லாப் பிள்ளையளும் சொல்லுவினம்."

"பெத்த தாய்க்கோ?"

"ஓம். சமைச்சது நான்தானே."

அன்றிரவு கமலாம்பிகை ரோசாப்பூ விரிப்பில் படுத்துக்கொண்டு, "தாய்க்கு நன்றி சொல்லுற வீட்டிலை நாங்கள் ஆர்?" என்று கேட்டாள். குலசேகரம் நித்திரை போலக் கிடந்தார்.

நாலரைக்குச் சாப்பிட்ட வயிறு எட்டு மணிக்குக் கூப்பிடுமா, கூப்பிடாதா? வெளியே வெயில் வேறு நடுப்பகல் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. நாலாம் நாள் குலசேகரம் குசினிக்குள் போனார். சொல்லியிருந்தபடியே, கேளாமல், பிரிட்ஜைத் திறந்தார். கடதாசியில் சுற்றிய ஒரு பார்சல் இருந்தது. இரண்டு துண்டு பாண், அந்தச் சவர்க்காரச் சீஸ். ருசிக்காக அல்ல, பசிக்கு. முதல் துண்டு தொண்டையால் இறங்கும்போது சந்திரவதனா வாசலில் நின்றாள்.

"ஐயோ அண்ணை, அது இவருக்கு நாளைக்கு வேலைக்குக் கட்டி வைச்சது."

பின்னால் கணேசலிங்கம் வந்தான். இப்போது அவன் சிரிப்பான், "தின்னடா, தின்" என்று முதுகில் ஒன்று போடுவான் என்று குலசேகரம் வாயில் பாணோடு காத்திருந்தார். கமலாம்பிகையும் கோப்பி குடித்துக்கொண்டு மேசையில்தான் இருந்தாள்.

"அடுத்த முறை கேட்டிட்டு எடு மச்சான்" என்றான் கணேசலிங்கம். கோபமே இல்லை. மெத்தப் பண்பாக, ஆலையில் புதிதாகச் சேர்ந்தவனுக்குச் சொல்லுவது போல.

மிச்ச நாளெல்லாம் குலசேகரம் ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் எடுத்தார். தண்ணீர் குடிக்கட்டுமா என்று கேட்டார். கணேசலிங்கம் ஒவ்வொரு முறையும் "ஓம், தாராளமாய்" என்றான். அந்தக் கேள்வியில் குத்தல் இருப்பது அவனுக்கு விளங்கவேயில்லை.

இப்போது யேசுரட்ணம் இரண்டாவது பிஸ்கட்டை எடுத்தார். குலசேகரம் எழுந்து கண்ணாடி அலுமாரியிலிருந்து எழுதும் கொப்பியையும் கறுப்புப் பேனையையும் எடுத்து வந்தார். வெள்ளைத்தாளின் கீழே கோடு போட்ட தாளை வைத்து, நாலு மூலையும் சரிபார்த்தார். சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்தில் கடிதம் இரண்டு வகை என்று படித்தவர் அவர்: உறவுக் கடிதம், அலுவலகக் கடிதம். கவுன்சிலுக்கும் கம்பனிக்கும் இரண்டாவது வகையில் எழுதி எழுதி அவருக்குக் கை பழகியிருந்தது. ஒருநாளும் ஒரு நண்பனுக்கு அப்படி எழுதியதில்லை.

"நன்றி வேணுமாமோ? குடுக்கிறன்" என்றார்.

அரைமணித்தியாலத்தில் எழுதி முடித்துச் சத்தமாக வாசித்தார்.

"திரு. க. கணேசலிங்கம் அவர்கட்கு. விடயம்: நன்றி தெரிவித்தல். ஐயா, தங்கள் இல்லத்தில் எமக்கு ஆளுக்கு இரண்டு வீதம் வழங்கப்பட்ட உருளைக்கிழங்குகளுக்கு நன்றி. நாம் கொண்டுவந்த விரிப்பை விரிப்பதற்கு மெத்தை தந்து உதவியமைக்கு நன்றி. காற்றுக்கு நன்றி, அது போதியளவு இருந்தது. கேளாமல் உண்ட பாண் துண்டு ஒன்றுக்கு மன்னிப்பும் மேலதிக நன்றியும்…"

கமலாம்பிகை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். கலியாணம் கட்டிய நாள் முதல் அவருடைய எழுத்தை அவள் இவ்வளவு ரசித்ததில்லை. "மெழுகுதிரியை விட்டிட்டியள். மெழுகுதிரியையும் போடுங்கோ. மீனுக்கு மேலை போட்ட புல்லையும் போடுங்கோ!"

"சூப்பர் அண்ணை" என்றார் யேசுரட்ணம். "இதைப் பாத்தாரெண்டால் ஆள் செத்தார்."

மாடிப்படியிலிருந்து சிவகௌரி நகத்தை ஊதிக்கொண்டே சொன்னாள்: "அப்பா, சந்திரவதனா அன்ரிக்கு இது நல்லாப் பிடிக்கும்."

"என்ன?"

"சீரியஸ்லி. அவையின்ரை பிரிட்ஜ் கதவு முழுக்கத் தாங்க்யூ காட்தானே. நீங்கள் காணேல்லையோ? ஒருத்தர் கிழங்குக்குக்கூடத் தாங்க்யூ எழுதியிருந்தவர் எண்டு அன்ரி சொன்னவ. இதையும் காந்தம் வைச்சு ஒட்டுவினம். தே'ல் லவ் இட்."

"அவர் எழுதினது நக்கல் எண்டு தெரியாதோ?" என்றாள் தாய்.

"தெரியாது அம்மா. தண்ணி குடிக்கட்டோ எண்டு அப்பா கேக்கேக்கையே அங்கிளுக்குத் தெரியேல்லை." பிறகு, சும்மா இருக்க மாட்டாமல், "நீங்களும் பஸ் டிரைவருக்குத் தாங்க்யூ சொல்லுறனீங்கள்தானே?" என்றாள்.

"அவன் வெள்ளைக்காரனடி! அவனுக்குச் சொன்னால் என்ன, சொல்லாட்டி என்ன!"

சொல்லிவிட்டுக் குலசேகரம் தாளைப் பார்த்தார். பெட்டை சொன்னது சரி. பண்பு பழகியவனுக்கு நக்கல் ஏறாது. உருளைக்கிழங்குக்கு நன்றி என்றால், உருளைக்கிழங்குக்கு நன்றி. பிரிட்ஜ் கதவில், யாரோ ஒரு நோர்வேக்காரனின் நன்றி அட்டைக்குப் பக்கத்தில் தன் கையெழுத்து தொங்குவதை நினைத்துப் பார்த்தார். அதன் முன்னால் கணேசலிங்கம் நின்று, பால் எடுத்துக்கொண்டு, "குலம் கிழங்கைக்கூட மறக்கேல்லை" என்று பெண்சாதியிடம் சொல்வான்.

அவர் தாளை நாலாகக் கிழித்தார்.

"ஐயோ, ஏனப்பா?" என்றாள் கமலாம்பிகை. "அப்ப ஒண்டும் எழுதாமல் விடப்போறியளோ?"

"எழுதுவன். பொறு."

புதுத்தாளைச் சரிபார்த்து வைத்தார். இந்த முறை ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை. வாசித்துக் காட்டவுமில்லை. கமலாம்பிகை கையிலிருந்த பயற்றங்காயைப் போட்டுவிட்டு எழுந்து வந்து, அவர் தோளுக்கு மேலால் எட்டி வாசித்தாள்.

"ஐயா, கடந்த மாதம் தங்கள் இல்லத்தில் தங்கியிருந்தபோது தாங்களும் தங்கள் துணைவியாரும் எமக்கு அளித்த உபசரிப்புக்கு எமது குடும்பத்தின் மனமார்ந்த நன்றி. இக்கடிதத்தின் தாமதத்தைப் பொறுத்தருள்க. இங்ஙனம், தங்கள் உண்மையுள்ள, சி. குலசேகரம்."

"இதென்ன கோதாரி? உண்மையாவே நன்றி சொல்லியிருக்கிறியள்! கிழங்கும் இல்லை, புல்லும் இல்லை."

"ஓம்."

"அண்ணை, நல்ல மனுசன் நீங்கள்" என்றார் யேசுரட்ணம், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. "இதோடை எல்லாம் சரியாப் போகும்."

குலசேகரம் அவரைப் பார்த்த பார்வையில் யேசுரட்ணம் பிஸ்கட்டைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

"அவன்ரை மனிசிக்கு இது போதும். அவ ஒட்டட்டும். ஆனால் நான் அவனுக்குப் பத்து வருசத்துக்கு மேலா 'அடேய்' எண்டுதான் எழுதினனான். இந்த 'ஐயா'வைப் பாத்தவுடனை, அவன் பழைய கணேசு எண்டால், போனை எடுத்து, 'என்னடா மூதேவி, ஆருக்கடா ஐயா எண்டு எழுதினனி' எண்டு ஏசுவான். எழுப்பலாமோ எண்டு கேளாமல், விடியக் காலமையே போன் அடிச்சு எழுப்பி ஏசுவான்."

"ஏசாட்டி?" என்றாள் கமலாம்பிகை. இந்த முறை குரலில் நக்கல் இல்லை.

"ஏசாட்டி, ஆரோ ஒரு திரு. கணேசலிங்கத்திட்டை நாங்கள் லீவிலை போய் நிண்டனாங்கள். நல்ல ஆக்கள். நன்றியும் சொல்லியாச்சு."

தாளை மூன்றாக மடித்தார். மடிப்பு ஓரத்தை நகத்தால் இழுத்தார். கவரின் பசையை நாக்கால் தடவி ஒட்டி, மேலே உள்ளங்கையை வைத்து அழுத்தினார். முகவரியைப் பார்க்காமலே எழுதினார், மனப்பாடம். பெயருக்கு முன்னால் மறக்காமல் "திரு." போட்டார். முத்திரையையும் நீல விமானத்தபால் ஒட்டியையும் நேராக ஒட்டினார்.

"நாளைக்குப் போடலாமே, இண்டைக்கு ஞாயிறு. எடுக்க மாட்டாங்கள்" என்றாள் கமலாம்பிகை.

அவர் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினார். தெருமுனைத் தபால்பெட்டியின் வாய்க்குள் கவரைப் பாதி நுழைத்து, இன்னும் வெளியே தெரிந்த "திரு."வை ஒருமுறை பார்த்துவிட்டு, உள்ளே தள்ளினார்.