லைன்காரன் இலை

ஆடி அமாவாசையன்று கருப்பண்ணன் வீட்டில் பருப்பு வேகவே மாட்டேன் என்றது. பாழாய்ப்போன கரண்ட் விடியும்போதே போய்விட்டது. கரி அடுப்போ மழை ஈரத்தில் புகைந்ததே தவிர எரியவில்லை. மனைவி சத்யபாமா இருந்தவரை இந்தச் சங்கடமெல்லாம் அவருக்குத் தெரியாது. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். போன வருஷம் தீட்டு, படையல் போடவில்லை. மகள் ஆஷா கல்யாணமாகிப் பினாங்கில் இருக்கிறாள். தனியாளாக அவர் போடும் முதல் படையல் இது.

படையல் எள்ளுத்தாத்தா வீரமலைக்கு. வெள்ளைக்காரன் ரங்கூனிலிருந்து ப்ரோமுக்கு ரயில் போட்ட காலத்தில், கப்பலேறி வந்து கூடையில் மண் சுமந்தவர். சேற்றிலும் காய்ச்சலிலும் ஆட்கள் கொத்துக்கொத்தாக விழுந்தார்கள். வீரமலையும் விழுந்தார். எரிக்க ஏது நேரம்? எழுப்பிக்கொண்டிருந்த ரயில்கரைக்குள்ளேயே அவரைக் கிடத்தி, கூட வந்தவர்கள் மேலே மண்ணைக் கொட்டினார்கள். அதன்மேல் தண்டவாளம் போய்விட்டது. எந்த இடம் என்று இன்றைக்கு எவனுக்குத் தெரியும்! அதனால் அந்த வீட்டில் ஒரு வழக்கம். லைனில் வேலை செய்கிறவன் ஒருத்தன், எந்தச் சாதி எந்த மதமானாலும் சரி, முதல் இலையில் கை நனைக்க வேண்டும். அவன் வயிறு நிறைந்தால் வீரமலைக்கு நிறைந்த மாதிரி. அதுவரை வீட்டார் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது.

ஒருவழியாகச் சமைத்து, இலையையும் தூக்குச்சட்டியையும் பையில் வைத்துக்கொண்டு, ரங்கூனின் அலோன் ஸ்டேஷனைத் தாண்டி லைனோரமாக நடந்தார். உச்சிப்பொழுது சாய்ந்திருந்தது. தூரத்தில் ஒரே ஒரு கேங்க்மேன் கடப்பாரையோடு நின்றார். ஊ டின். பர்மாக்காரர்தான், ஆனால் தாயார் தமிழச்சி. கருப்பண்ணனுக்கு உயிர் வந்தது.

"அண்ணே, படையல் சோறு. கை நனைக்கணும்."

ஊ டின் பையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "அடடா, இப்பவா கொண்டாறே? இன்னிக்கு லக்வே நாளு, உங்க அமாவாசைதான். சீலம் எடுத்திருக்கேன். மத்தியானம் தாண்டினா சோறு வாயில வைக்கக் கூடாதுப்பா."

"மத்தவங்க?"

"கெமண்டைன் பக்கம் வேலை. திரும்ப மாட்டாங்க. உம் பொஞ்சாதி காலையிலேயே கொண்டாந்துடுமே! அதுக்குத் தெரியும்."

கருப்பண்ணனுக்குச் சுருக்கென்றது. வருஷா வருஷம் இந்த நாளில் பாமா கோழி கூப்பிடுமுன் எழுந்து, குளிக்கச் சொல்லி அவரை விரட்டு விரட்டு என்று விரட்டுவாள். 'ரயிலா பிடிக்கப் போறே?' என்று அவர் கேலி செய்வார். நம்முடைய அமாவாசை அவர்களுக்கு விரத நாள் என்பதை அவள் சொல்லவுமில்லை, இந்த மடையன் கேட்கவுமில்லை. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்து என்ன பிரயோசனம்!

அப்படியே ஜல்லிமேல் உட்கார்ந்துவிட்டார். "போச்சுண்ணே. என் கையால கெட்டுப்போச்சு. அந்த மனுஷன் பட்டினி. இதுக்கும் நான் லாயக்கில்லைன்னா, எதுக்கு இந்த ஊர்ல ஒத்தையா கெடக்கணும்?"

ஊ டின் தாடையைச் சொறிந்தார். பிறகு கடப்பாரையை நீட்டினார்.

"எந்திரி. இந்தச் சிலீப்பர் கட்டை வரிசைக்கு அடியில ஜல்லி எறங்கிக் கெடக்கு. இடிச்சு அடை."

"நானா?"

"பின்னே யாரு? புடி."

கருப்பண்ணன் போட்டாதாங் கோடவுனில் சரக்குக்குக் காவல் இருந்து பழகியவர். நாலு குத்துக்கே மூச்சு வாங்கியது. "ஆழமா குத்துப்பா, வலிக்கும்னு பாக்குறியா?" என்று ஊ டின் அதட்டினார். உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பியது. சட்டை தொப்பலாக நனைந்தது. ஓர் இடத்தில் கடப்பாரை கல்லைத் தாண்டி வெறும் மண்ணில் இறங்க, அவர் கை தானாக நின்றது. இந்த மண்ணா? வேறெந்த மண்ணோ? மெல்ல உருவிக்கொண்டு மறுபடி இடித்தார்.

வரிசை முடிந்ததும் ஊ டின் மரத்தடியில் இலையை விரித்தார். தண்ணீர் ஊற்றி அவரைக் கை கழுவச் சொன்னார்.

"லைன்ல வேலை செஞ்சவன் சாப்பிடணும், அவ்வளவுதானே? உக்காரு."

கருப்பண்ணன் உட்கார்ந்தார். சோற்றைத் தாமே தூக்குச்சட்டியிலிருந்து எடுக்கப்போனவரைத் தடுத்து, ஊ டின் பரிமாறினார். பருப்பு அரைவேக்காடுதான். காலையிலிருந்து காய்ந்த வயிறு அதைக் கண்டுகொள்ளவில்லை. காக்கையை விரட்டிக்கொண்டு எதிரிலேயே குந்தியிருந்தார் ஊ டின்.

"இன்னுங் கொஞ்சம் வைக்கவா?"

பாமா போனபிறகு ஒருவர்கூட அவரிடம் கேட்காத கேள்வி. வாயில் சோற்றை வைத்துக்கொண்டே கருப்பண்ணன் குழந்தைபோலத் தேம்பித் தேம்பி அழுதார்.

ஊ டின் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இன்னும் ஒரு கரண்டி வைத்தார்.