மில் போத்தல்

வெள்ளியங்கிரி ஏணியில் ஏறி நின்று மேல் தட்டின் பின்பக்கம் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிடிக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. என்னால் செய்யக்கூடியதாக அப்போது அது ஒன்றுதான் இருந்தது. நியூ ஜெர்சியின் ரூட் 18 சாலையில் நகம் பூசுகிற கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் இருக்கிற மதுக்கடை. வெள்ளியங்கிரி பொள்ளாச்சிப் பக்கத்து ஆள், கம்ப்யூட்டர் வேலை அலுத்துப்போய் இந்தக் கடையை வாங்கினவர். இங்கே வருவதற்கு முதல் எடிசன், மில்டவுன், சவுத் பிரன்ஸ்விக் என்று நான் ஏறி இறங்காத கடை இல்லை. எல்லா இடத்திலும் ஒரே பதில். அந்த ஐரிஷ் விஸ்கியா, அது இப்போது வருவதில்லையே, வேறொன்று தரட்டுமா? வேறொன்று போதுமென்றால் நான் ஏன் ஐயா வேலைக்கு லீவு போட்டுவிட்டு நாயாக அலைகிறேன்?

ஏணியில் நின்றபடியே வெள்ளியங்கிரி கதை சொன்னார். அயர்லாந்தில் ஆளுக்கொரு வடிசாலை கட்டினார்களாம். பீப்பாய் பீப்பாயாக வடித்து அடுக்கினார்களாம். அது பழுத்து வருவதற்குள் குடிக்கிற ஆட்கள் குறைந்துபோனார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கஞ்சா மிட்டாயைச் சப்பிவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். அதற்கு மேல் இங்கே போட்ட வரி வேறு. இறக்குமதி செய்கிறவன் சின்னக் கம்பெனிகளைக் கைகழுவிவிட்டான். ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்துகிறார்கள். "அங்க பீப்பாய் ரொம்பி வழியுதுங்க, இங்க எனக்கு ஒரு பாட்டில் வரமாட்டேங்குது. என்ன கணக்குன்னே தெரியலீங்க," என்றார். சொல்லிக்கொண்டே ஒரு போத்தலை இழுத்து எடுத்தார். தோளெல்லாம் தூசி. லேபலில் ஆற்றங்கரை, பழைய மில், அதன் சக்கரம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு சாராயப் போத்தலைப் பார்த்துக் கண் கலங்குகிற நிலைமைக்கு வந்துவிட்டேனே என்று எனக்கே வெட்கமாகவும் இருந்தது.

"டாக்டருக்குத்தானுங்களே?" என்று கேட்டார். ஓம் என்றேன்.  தன் சட்டைக் கையாலேயே தூசியைத் துடைத்துத் தந்தார். இதுதான் கடைசி, இனி வராது என்று மட்டும் சொன்னார்.

டாக்டர் என்றால் சிறீஸ்கந்தராசா. எங்களுக்குச் சிறி அண்ணை. மயக்க மருந்து வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னுடைய சொந்த அண்ணன் இல்லை. ஆனால் நான் நியூ ஜெர்சியில் வந்திறங்கிய நாளிலிருந்து என் வீட்டில் ஒரு நல்லது கெட்டது அவரைக் கேட்காமல் நடந்ததில்லை. இளம் வயதில் அயர்லாந்தில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். சில வருடங்களுக்கு முன்னர் அந்த ஊரைக் காட்டவென்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் கார் நிறுத்துமிடம். மனுசன் சோர்ந்துபோய் நின்றார். ஆனால் ஆற்றங்கரையில் பாழடைந்து கிடந்த மில்லை யாரோ வடிசாலையாக்கியிருந்தார்கள். ஒரு பிள்ளை, இருபது சொச்சம் வயதிருக்கும், எங்களைச் சுற்றிக் காட்டினாள். செப்பு அண்டாக்களைத் தன் வீட்டு மாடுகளைத் தட்டுகிற மாதிரித் தட்டித் தட்டிக் கதை சொன்னாள். அந்த விஸ்கியின் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. லேபலில் இருந்த மில்லைப் பார்த்து மில் போத்தல் என்று வைத்துக்கொண்டோம்.

அதன் பிறகு சனிக்கிழமை பின்னேரமென்றால் அவருடைய நிலவறையில்தான். இரண்டு கிளாஸ், ஒரு சின்னக் குவளையில் தண்ணீர், ஒரு தேக்கரண்டி. கரண்டியால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவார். பிறகு குடிக்கவே மாட்டார். மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு அப்படியே இருப்பார். வறுத்த பார்லியாம், பச்சை அப்பிளின் தோலாம், மழையில் நனைந்த கம்பளியாம், அடியில் கொஞ்சம் கராம்பாம். வாய்க்குள் வைத்தால் நெடுநேரம் விழுங்கமாட்டார். நானோ அதற்குள் என்னுடையதை முடித்துவிட்டு மிக்ஸரை நொறுக்கிக்கொண்டிருப்பேன். "என்ன மணக்குது, சொல்லும் பாப்பம்," என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். "விஸ்கி மணக்குது, அண்ணை," என்பேன். ஒவ்வொரு முறையும் சிரிப்பார். உண்மையில் எனக்கு வேறொன்றும் மணந்ததில்லை. அந்த மனுசன் ரசிக்கிறதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் எனக்குக் குடி.

மில் மூடப்பட்ட செய்தியை ஐபேடில் வாசித்துக் காட்டினதும் அவர்தான். தன்னுடைய நோயைப் பற்றிச் சொன்னதும் அதே பின்னேரம்தான். நாக்கின் அடியில், தொண்டைக்குக் கிட்ட. திங்கட்கிழமை கதிர் வைத்தியம் தொடங்குகிறது. வைத்தியர் அல்லவா, வேறு யாருடையதோ வியாதியைச் சொல்வதுபோல ஆற அமரச் சொன்னார். உமிழ்நீர் வற்றிவிடும், ருசி போய்விடும். சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது, தன் வயதில் அதில் பந்தயம் கட்டமாட்டாராம். "தொடங்கினால் பிறகு ஒரு சொட்டும் தொடக்கூடாது, வாய் வெந்துபோகும். அதுக்கு முதல் ஒருக்கால் மில் போத்தல் கிடைச்சால் நல்லாயிருக்கும், தம்பி. ஒரு வாய் காணும்." இவ்வளவு காலத்தில் அவர் என்னிடம் கேட்ட ஒரே விசயம் அது. பிறகு, "அந்த மில்லுப் பிள்ளை இப்ப என்ன வேலை செய்யுதோ," என்றார்.

அந்தப் புதன்கிழமை போத்தலோடு வீட்டுக்கு வந்தபோது வாசலில் கார்கள் நின்றன. என் மனைவி ஜெயமலரின் செபக் கூட்டம். நான் சைவம், அவள் வேதம், அதாவது கிறிஸ்தவம். கல்யாணம் கட்டியும் இரண்டு பேரும் மாறவில்லை. கிறிஸ்மஸுக்குச் செய்கிற நத்தார்க் கேக் விசயத்தில் மட்டும் ஒரே மதம். பிளம்ஸையும் கஜுவையும் பூசணி அல்வாவையும் நறுக்கிச் சாராயத்தில் ஊறப்போடுவது அவள் வேலை. அந்தச் சாராயத்தை வாங்கி வருவது என் வேலை. செபக் கூட்டத்து அன்ரிமார் கண்ணில் படாமல் சலவை அறை அலுமாரியில், சோப்புத்தூள் பெட்டிக்குப் பின்னால் வைப்பேன். வருசா வருசம் அதே இடம். பிரண்டியோ விஸ்கியோ எது மலிவோ அது. கேக்குக்குள் போனால் எல்லாம் ஒன்றுதான் என்பது ஜெயமலரின் கட்சி.

அன்றைக்கும் கராஜ் வழியாக உள்ளே போனதும் போத்தலைக் கை தன்பாட்டில் அங்கேயே வைத்தது. இந்த வருசக் கேக்குப் போத்தலை நான் இன்னும் வாங்கவில்லை, அவள் கேட்டுக்கேட்டு அலுத்துப்போயிருக்கிறாள் என்பதெல்லாம் என் மண்டையில் ஏறவே இல்லை. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்ரிமார் போக நேரமாகிவிட்டது, நான் படுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வேலையால் வந்து கதவைத் திறந்ததும் ஏலக்காயும் பன்னீரும் முகத்தில் அடித்தன. குசினியில் பெரிய பேசினை வைத்து மரக்கரண்டியால் கிளறிக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் பூரிப்பு. "இந்த முறைதான் ஒரு நல்ல போத்தல் வாங்கித் தந்திருக்கிறீங்கள்," என்றாள். தொட்டிப் பக்கத்தில் மில் போத்தல் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது. லேபலையும் சுடுதண்ணீரில் ஊறவைத்து உரித்துவிட்டிருந்தாள். கனத்த கண்ணாடி, வினாகிரி விட்டு வைக்கலாமாம்.

நான் கதிரையை இழுத்து இருந்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்து அவள் கரண்டியை நிறுத்தினாள். சொன்னேன். சொல்லி முடித்ததும் அவளும் எதிர்க் கதிரையில் இருந்தாள், கையில் கரண்டியோடு. அதிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. வாயைத் திறந்தும்விட்டேன். அதற்குள் அவள் சொன்னாள்:

"அண்ணைக்கெண்டுதான் நான் கெதிப்படுத்தினனான். நத்தார் வரைக்கும் பாத்துக்கொண்டிருந்தால் அவருக்கு ருசி தெரியாதெல்லே. ஞாயிற்றுக்கிழமை ஒரு துண்டு குடுப்பமெண்டு நினைச்சன்."

நான் வாயை மூடிக்கொண்டேன். இவள்மேல் எப்படிக் கோபிக்கிறது? என்மேல் கோபித்தும் என்ன பலன்? மில்லை மூடினவன்மேல், வரி போட்டவன்மேல், சிறி அண்ணையின் நாக்கின் அடியில் போய்க் குந்தியிருக்கிற அந்தச் சனியன்மேல் கோபிக்கலாம். அவர்கள் ஒருவரும் என் குசினியில் இல்லை.

வெள்ளியங்கிரிக்குப் போன் அடித்தேன். அவர் பாவம், தனக்குத் தெரிந்த கடைக்காரர் எல்லோருக்கும் அடித்துப் பார்த்துவிட்டு இல்லையென்றார். டெக்சஸில், பிளானோவில் ஒரு கடையில் இருப்பதாக இணையத்தில் போட்டிருந்தது. அங்கே இருக்கிற மகன் அனுஷனைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். எப்படி இங்கே கொண்டுவருவது என்றெல்லாம் யோசிக்கவில்லை, தேவையென்றால் விமானத்தில் ஏறியிருப்பேன். அவன் தட்டின் படத்தை அனுப்பிவிட்டுத் தன் ஆங்கிலத்தில் சொன்னான், பெயர்த் துண்டு மட்டும் ஒட்டியிருக்கிறது அப்பா, போத்தல் இல்லை என்று.

சனிக்கிழமை ஜெயமலர் தேங்காய்ப்பால் பிழிகிற துணியை எடுத்து வந்தாள். ஊறினதில் பாதியைத் துணியில் கொட்டி இரண்டு பேருமாக ஆளுக்கொரு பக்கம் பிடித்து முறுக்கினோம். கருஞ்சிவப்பாக, சீனிப் பாணி மாதிரி ஒன்று வடிந்தது. முகர்ந்து பார்த்தேன். வழக்கமாக விஸ்கி மட்டும் மணக்கிற எனக்கு அன்றைக்கு விஸ்கியைத் தவிர எல்லாம் மணந்தது. மிச்சத்தில் அவள் கேக்கைச் சுட்டாள். அடுப்புப் பக்கம் நான் போகவில்லை. ஆவியாகப் போகிறதைப் போய்ப் பார்ப்பானேன்.

ஞாயிறு பின்னேரம் சிறி அண்ணை எங்களுக்கு முதலே நிலவறையில் இறங்கி இருந்தார். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு. கிளாஸ், குவளை, கரண்டி எல்லாம் மேசையில் வரிசையாக இருந்தன. போத்தல் கிடைத்துவிட்டது என்று புதன்கிழமையே நான் பீற்றிக்கொண்டிருந்தேனே. பிறகு என்ன நடந்ததென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருடைய மனைவி வதனி அக்கா, மனுசன் காலையிலிருந்து கோப்பிகூடக் குடிக்கவில்லை, நாக்கைச் சுத்தமாக வைத்திருக்கிறாராம் என்று சொல்லிச் சிரித்தா. ஜெயமலர் கேக்குப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். சொல்லவேண்டியதை அவள்தான் சொன்னாள்.

அவருடைய முகம் விழுந்துவிட்டது. ஒளிக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. திருவிழாவில் கையை விட்டுப்போன பிள்ளையின் முகம். பிறகு மெல்ல அதைச் சரிப்படுத்திக்கொண்டு, "சரி, கொண்டாரும் பாப்பம்," என்றார். நான் ஜாம் போத்தலில் கொண்டுபோன பாணியைக் கிளாசில் விட்டேன். கரண்டியால் தண்ணீர் விட்டார், சொட்டுச் சொட்டாக, குறையில்லாமல். முகர்ந்தார். வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். எவ்வளவோ நேரம் தேடினார். அந்த ஏலக்காய்க் காட்டுக்குள் ஒரு பார்லி மணியைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. விழுங்கினார்.

"உது நத்தார், தம்பி," என்றார்.

கேக்கிலும் ஒரு துண்டு சாப்பிட்டார். நல்லாயிருக்கு என்றார். ஜெயமலருக்காகச் சொன்னாரா உண்மையாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. பெண்கள் மேலே போன பிறகு நான் சட்டைப் பையிலிருந்து மில் போத்தலின் தக்கையை எடுத்தேன். வெள்ளிக்கிழமை குசினிக் குப்பைக்குள் கையை விட்டு எடுத்தது. அது மட்டும்தான் கழுவப்படாமல் மிஞ்சியிருந்தது. சிறி அண்ணை வாங்கி மூக்கடியில் பிடித்தார். கிளாசைப் பிடிப்பதுபோலவே பிடித்தார்.  அவருடைய மூச்சு ஒரே சீராகப் போய் வந்தது. பிறகு தக்கையை என் பக்கம் நீட்டினார்.

"என்ன மணக்குது?"

நான் முகர்ந்தேன். வாழ்நாளில் முதல் தடவையாக மனதைக் குவித்து முகர்ந்தேன். வெங்காயத் தோல் மணந்தது. தேயிலைச் சக்கை மணந்தது. அவருக்கு என்ன மணந்ததோ, கடவுளே, எனக்கு அது வரவில்லை.

"விஸ்கி மணக்குது, அண்ணை."

அவர் சிரித்தார். தக்கையைத் திருப்பி வாங்கிக் கைக்குள் பொத்திக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை நியூ பிரன்ஸ்விக்கிற்கு நான்தான் காரில் கொண்டுபோனேன். வதனி அக்கா பின்சீட்டில் செபமாலை உருட்டுகிற மாதிரித் தன் கைப்பையின் வாரை உருட்டிக்கொண்டு வந்தா. வழியெல்லாம் சிறி அண்ணை டிராபிக்கைப் பற்றிக் கதைத்தார். உள்ளே ஒரு தாதி, முகத்தை மேசையோடு பூட்டுகிற முகமூடி எப்படி இருக்குமென்று சொல்லிவிட்டு, உடம்பில் இருக்கிறதையெல்லாம் கழற்றித் தரச் சொன்னாள். மூக்குக்கண்ணாடி, மணிக்கூடு, மோதிரம், பொக்கற்றிலிருந்த சீப்பு, முகம் துடைக்கிற லேஞ்சி. ஒவ்வொன்றாக என் கையில் இருந்த பிளாஸ்டிக் பையில் போட்டார். வேறொன்றும் இல்லையே என்று தாதி கேட்டாள். இல்லை என்று தலையாட்டினார்.

கண்ணாடி இல்லாமல் தடவித் தடவி, தாதியின் தோளை இடது கையால் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தார். அந்தக் கனத்த கதவு தானாக மூடத் தொடங்கியது. நான் பைக்குள் பார்த்தேன். கண்ணாடி, மணிக்கூடு, மோதிரம், சீப்பு, லேஞ்சி. நிமிர்ந்தபோது கதவிடுக்கில் அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. வலது கை தொடையோடு ஒட்டி, விரல்கள் இறுகப் பொத்தியபடி இருந்தது.