மூக்கு நுனியில் வைத்த பருந்து

அண்ணிக்குக் கம்ப்யூட்டர் என்றால் அது அவள் புருஷன் முகம்தான். சிரிக்காதீர்கள், நிஜமாகவே அப்படித்தான். எம்பிராய்டரி கடைக் கம்ப்யூட்டரில் திரை நிறைய அவன் படத்தைப் போட்டு, அதன் மேலேயே டிசைன்களைப் பரப்பி வைத்திருந்தாள். பூவெல்லாம் நெற்றியில். பள்ளிக்கூட முத்திரைகள் இடது கன்னத்தில். அவசர வேலை எதுவோ அது மூக்கு நுனியில். அவன் கப்பலில் சமையல்காரன், வருஷத்தில் பாதி கடலில் இருப்பவன். "அவர் ஊர்ல இல்லாட்டியும் அவர் மூக்கைத் தொடாம எனக்கு வேலை ஓடாது" என்பாள்.

இடம் தெரிந்தால் போதுமே, பெயர் எதற்கு? எல்லாமே 'புதுசு'தான். புதுசு ஒன்று, புதுசு இரண்டு என்று கம்ப்யூட்டரே எண் போட்டுக்கொள்ளும்.

அன்று காலை வந்து பார்த்தால் திரையில் புருஷனைக் காணோம். நீலமாக ஏதோ ஒரு அலை. திரையின் கீழ் மூலையில் இருந்த ஸ்டார்ட் பொத்தான் நடுவில் வந்து சப்பணம் போட்டிருந்தது. டிசைன்களெல்லாம் இடது ஓரத்தில் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி வரிசை கட்டி நின்றன.

"எங்கடி உங்க அண்ணன்?"

கடையில் சரிபாதிப் பங்குக்காரியான நாத்தனார் துள்ளிக்கொண்டு வந்தாள். "புது வெர்ஷன் போட்டுட்டேன் அண்ணி! பாருங்க, எப்படிப் பளபளன்னு இருக்கு!"

"பளபளப்பு கிடக்கட்டும். மூக்கு நுனியில பருந்து வச்சிருந்தேனே, அது எங்க?"

நாத்தனாருக்குச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பருந்து, பெண்கள் ஹாக்கி அணியின் முத்திரை. முதல்முறையாக அந்தப் பிள்ளைகள் வெளியூர் ஆடப் போகிறார்கள். மத்தியானம் பஸ். சட்டைகள் மேசைமேல் மொட்டையாகக் கிடந்தன. "முத்திரை இல்லாமப் போனா, வேடிக்கை பார்க்க வந்தவங்கன்னு நினைச்சு கேலரிக்கு அனுப்பிடுவாங்க அக்கா" என்று கோச் பொண்ணு நேற்றுதான் சொல்லிவிட்டுப் போனாள்.

அண்ணி ஒன்றைத் திறந்தாள். ரோஜா. இன்னொன்று. வாத்து. அடுத்ததும் வாத்து.

"இப்படி ஒண்ணொண்ணா திறந்தா பஸ் போய்த் திரும்பியும் வந்துடும்" என்றாள் நாத்தனார். "பருந்தை என்னைக்கு முடிச்சீங்க? யோசிங்க."

"எனக்குத் தேதி எங்கடி தெரியும்? உனக்குக் கடைவாய்ப் பல்லு பிடுங்கினாங்களே, அன்னைக்கு. நீ 'ஆ ஆ'ன்னு ஊளை விட்டுக்கிட்டே நூல் கோத்துக் கொடுத்தே."

"போன மாசம் ரெண்டாவது செவ்வாய்! செத்தாலும் மறக்க மாட்டேன்!" நாத்தனார் மௌஸைப் பிடுங்கினாள். எதையோ தட்டினாள். வரிசை கலைந்து தேதிவாரியாக அடுக்கிக்கொண்டது. அந்தச் செவ்வாயில் ஒரே ஒரு 'புதுசு'. திறந்தாள். சிறகை விரித்துக்கொண்டு வந்து நின்றது பருந்து!

அண்ணி போட்ட கூச்சலில் எதிர்க்கடை சலூன்காரர் கத்தரிக்கோலோடு எட்டிப் பார்த்தார்.

ஒரே நேரத்தில் நாலு சட்டைக்குத் தைக்கும் நாலு தலை மெஷின் தடதடவென்று ஓட ஆரம்பித்தது. அண்ணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "இந்தத் தேதி வித்தை புதுசுல வந்ததாடி?"

"பழசுலயே இருந்துச்சு அண்ணி. நீங்கதான் அண்ணன் மூஞ்சியை விட்டு இறங்கவே இல்லையே."

"போடி வாயாடி. புதுசுல வேற என்ன இருக்கு? காட்டு."

திரையை இரண்டாகப் பிரித்துக் காட்டினாள் நாத்தனார். ஒரு பக்கம் பருந்து, ஒரு பக்கம் ரோஜா. "அட! இத்தனை நாள் ஒண்ணை மூடி ஒண்ணைத் திறந்துட்டு இருந்தேனே!" அண்ணி பருந்தை அந்தப் பக்கம் தள்ளினாள், இந்தப் பக்கம் இழுத்தாள், நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி முதல் முறையாக ஒரு பெயர் வைத்தாள்: பருந்து.

கடைசிச் சட்டை மெஷினில் இருக்கும்போது நாத்தனார் டிசைன்களை ஒரு ஃபோல்டருக்குள் தள்ளிவிட்டு, அண்ணன் படத்தைத் திரும்பப் போட்டுக் கொடுத்தாள். "இந்தாங்க உங்க வீட்டுக்காரர். டிசைனையெல்லாம் மறுபடி இவர் மேல கொட்டிடுவீங்களா?"

அண்ணி திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். படத்தில் அவன் இடது கன்னத்தில் ஒரு குழி. சிரித்தால் மட்டும் விழும் குழி.

"ஏண்டி, இதுக்கு மேலயா இத்தனை ஸ்கூலையும் ஏத்தி வச்சிருந்தேன்?"

வாசலில் கோச் பொண்ணு சைக்கிள் மணியை விடாமல் அடித்தாள். அண்ணி கடைசிச் சட்டையின் நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே, "வந்துட்டேன், வந்துட்டேன்! பருந்து பறக்க ரெடி!" என்று வாசலுக்கு ஓடினாள். பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"அந்த மூஞ்சி மேல ஒண்ணையும் வைக்காதே, சொல்லிட்டேன்!"